புதிதாக வந்த நாயும் அதன் வயிறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக்குச் செவலை வந்து நான்கு வருடம் ஆகிறது. நாட்டு நாய், பெண், வரும்போது ஒன்றரை வயது இருக்கும் என்றார்கள். வந்த மூன்றாம் நாள் நடுராத்திரி கூடம் முழுக்க பேதி. பக்கெட்டும் துணியுமாக நானும் வீட்டுக்காரரும் விடிய விடியத் துடைத்தோம். அதற்கப்புறம் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் யார் நாய் எடுத்து வந்தாலும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ எனக்கு போன் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. எது வீட்டிலேயே சமாளிக்கக்கூடியது, எதற்கு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்று பிரித்துப் பார்க்க இது உதவும்.

வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, வயிற்றால் போகிறது. நோயோடு கொடுத்துவிட்டார்களா?

அப்படியும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் இருக்காது. இடம் புதிது, ஆட்கள் புதிது, தட்டில் விழுவதும் புதிது. பயந்து போன நாய்க்குப் பெருங்குடல் அவசர அவசரமாக வேலை செய்யும். தண்ணீரை உறிஞ்ச நேரம் கிடைக்காமல் மலம் இளகிப் போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை, மேலே சளி பூசினாற்போல இருந்தால் அநேகமாக இதுதான். பரீட்சை நாள் காலையில் பிள்ளைகள் நாலு முறை கழிவறைக்கு ஓடுவதில்லையா, அதே கதை. இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கும்.

மலத்தைப் பார்ப்பதற்கு முன் நாயைப் பாருங்கள். வாலை ஆட்டுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, சாப்பாட்டைக் கண்டால் எழுந்து வருகிறதா? இதெல்லாம் சரியாக இருந்தால் வளர்ந்த நாய்க்கு ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். சுருண்டு படுத்துவிட்டது, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறக்கிறது என்றால் பொறுக்கக் கூடாது. குட்டியாக இருந்தால் கணக்கே வேறு, கீழே தனியாகச் சொல்கிறேன்.

நாய்களைத் தத்து கொடுப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று நாளில் பயம் தெளியும், மூன்று வாரத்தில் வீட்டின் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் நம் வீட்டு நாயாகும். வயிறும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் பழகுகிறது.

முதல் நாள் என்ன கொடுக்கலாம்?

அங்கே என்ன சாப்பிட்டதோ அதையே. காப்பகத்திலிருந்து எடுத்தால் என்ன உணவு, எத்தனை வேளை, எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் போடும் உணவிலேயே ஒரு வாரத்துக்குத் தேவையானதை வாங்கி வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முதல் நாள் வழக்கமான அளவில் பாதி போதும். மூலையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து “சாப்பிடு, சாப்பிடு” என்றால் எந்த நாய் சாப்பிடும்?

நன்றாக இருக்கும் வளர்ந்த நாய் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் பயமில்லை. தண்ணீர் குடித்தால் சரி.

தெருவில் குப்பையைத் தின்று வளர்ந்த நாய். அதற்கு எதைப் போட்டாலும் செரித்துவிடும்தானே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. கேள்வி என்பதைவிட நம்பிக்கை என்று சொல்லலாம். தெரு நாய் நாள் முழுக்க அலைந்து இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று தின்னும். அதற்கு அங்கேயும் பேதி ஆகிக்கொண்டுதான் இருந்தது. நம் கூடத்தில் ஆகாததால் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு வேளையும் வயிறு முட்டப் போட்டால் அந்த வயிறு திணறத்தான் செய்யும்.

பழைய உணவிலிருந்து நம் வீட்டு உணவுக்கு மாற்றுவது எப்படி?

ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது. அடுத்த இரண்டு மூன்று நாள் பாதிக்குப் பாதி. அப்புறம் கால் பங்கு பழையது. நடுவில் மலம் இளகினால் ஒரு படி பின்னால் போய் இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள். பேதி ஆகும்போதே “இந்தக் கம்பெனி ஒத்துக்கவில்லை” என்று மூன்று நாளைக்கு ஒரு மூட்டை மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நாய்களுக்கு மாதக்கணக்கில் வயிறு சரியாவதில்லை.

அரிசிச் சோறு நாய்க்கு ஆகாதாமே?

தாராளமாக ஆகும். ஓநாயிலிருந்து நாய் பிரிந்து மனிதரோடு சேர்ந்ததில் மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் அதற்குக் கூடியிருக்கிறது. அமிலேஸ் என்ற நொதியைச் சுரக்கச் சொல்லும் மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு படிகளாக இருப்பதை 2013-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். சோற்றில் தவறில்லை. சோறு மட்டுமே போடுவதுதான் தவறு.

பாலும் பிஸ்கட்டும்தான் நம் ஊரில் எல்லோரும் கொடுக்கிறார்கள். அதையும் கூடாது என்பீர்களா?

ஆமாம், கூடாது என்றுதான் சொல்வேன். பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க ஒரு நொதி வேண்டும். தாய்ப்பால் மறந்த பிறகு பல நாய்களுக்கு அது குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை குடலில் தண்ணீரை இழுக்கும், புளிக்கும், வாயு சேரும், கடைசியில் பேதி. கண் திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டிக்கும் பசும்பால் சரியான மாற்று இல்லை. நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல், லாக்டோஸ் குறைவு. தாயில்லாக் குட்டிகளுக்கென்று பால் பவுடர் விற்கிறது. டாக்டரைக் கேட்டு அதை வாங்குங்கள்.

பிஸ்கட் என்பது மைதா, சர்க்கரை, எண்ணெய். டீக்கடை வாசலில் ஒன்றிரண்டு போடுவது வேறு, தினமும் ஒரு பாக்கெட்டைப் பாலில் ஊறவைத்து “சாப்பாடு” என்று வைப்பது வேறு. ஏற்கெனவே வயிறு கெட்டிருக்கும் நாய்க்கு இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

தயிர் கொஞ்சம் பரவாயில்லை. உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடும். தாளிக்காத, உப்பில்லாத தயிர் சாதத்தை நிறைய நாய்கள் ஏற்றுக்கொள்கின்றன. பேதி ஆகிக்கொண்டிருக்கும்போது மட்டும் ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம்.

பேதி ஆகும்போது என்ன சமைத்துப் போடுவது?

எலும்பும் தோலும் நீக்கிய கோழிக்கறி, குழைய வேகவைத்த பச்சரிசிச் சோறு. கறி ஒரு பங்கு, சோறு இரண்டு பங்கு. 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 100 கிராம் வெந்த கறியும் 200 கிராம் சோறும் போதும். இதை நான்கு வேளையாகப் பிரியுங்கள். மொத்தமாக ஒரே வேளையில் வைத்தால் பத்தியச் சாப்பாட்டுக்கும் வயிறு கெடும்.

கறியை வெறும் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். உப்பு, மஞ்சள், மிளகு எதுவும் வேண்டாம். “இஞ்சி பூண்டு விழுது ஒரு சிட்டிகை மட்டும்” என்பார்கள். வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் அந்தக் குணம் போகாது. வெந்த நீரை ஆறவைத்து மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரையே சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் எவ்வளவு முரண்டு பிடிக்கும் நாயும் நக்கிவிடும்.

வேகவைத்து மசித்த பரங்கிக்காய், அதாவது மஞ்சள் பூசணி, ஒரு டேபிள் ஸ்பூன் சேர்க்கலாம். அதிலுள்ள கரையும் நார்ச்சத்து இளகிய மலத்தைக் கட்டும். ஆச்சரியம் என்னவென்றால் மலச்சிக்கலுக்கும் அதுவே கைகொடுக்கும். கறி புழங்காத வீட்டில் முட்டை வேகவைத்துக் கொடுங்கள், அதுவும் இல்லையென்றால் எண்ணெய் சேர்க்காத பனீர்.

மலம் கெட்டியாகி இரண்டு நாள் ஆனதும் முன்பு சொன்ன கணக்கில் மெல்ல வழக்கமான உணவுக்குத் திரும்புங்கள். இந்தப் பத்தியச் சாப்பாட்டிலேயே மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. கால்சியம் உள்பட பல சத்துகள் இதில் கிடையாது. வளரும் குட்டிக்கு இதையே போட்டால் எலும்பு வளைந்துவிடும்.

ஒரு நாள் பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பழைய வழக்கம். இப்போது டாக்டர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. குடலின் உள்சுவர் தன்னைச் சரிசெய்துகொள்ளவும் சாப்பாடு வேண்டும். வாந்தியும் இருந்தால் வளர்ந்த நாய்க்குச் சில மணி நேரம் நிறுத்திப் பார்க்கலாம். குட்டிக்குப் பட்டினி போடவே கூடாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். தண்ணீரை எந்த வயதிலும் எடுத்து வைக்காதீர்கள்.

எலும்பும் தோலுமாக வந்திருக்கிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. நிறையப் போடலாமா?

இங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பல நாள் பட்டினி கிடந்த உடம்பு, தன் கொழுப்பையும் தசையையும் எரித்து ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறையச் சாப்பாடு, அதுவும் சோறு மாதிரி மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டு ரத்தத்தில் சடாரென்று குறைந்துவிடும். இதயத்துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும், உயிரும் போகும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், வயிறார உண்ட பிறகு இறந்துபோனதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாய்க்கும் அதே விதிதான்.

10 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்குச் சுமார் 400 கலோரி வேண்டும். மிகவும் மெலிந்த நாய்க்கு முதல் நாள் அதில் கால் பங்கு, அதாவது சுமார் 100 கலோரிதான். ஏறக்குறைய 60 கிராம் வெந்த கறி. அதையும் நான்கைந்து தடவையாக. “இவ்வளவுதானா?” என்று கேட்பீர்கள். இவ்வளவுதான். நான்கு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் படிப்படியாக 400-க்குக் கொண்டுவந்து, உடல் ஏற்றுக்கொண்ட பிறகு எடை கூடுவதற்கான அளவுக்குப் போகலாம். விலா எலும்பும் இடுப்பெலும்பும் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம் என்கிற நிலையில் இருந்தால் இந்த வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

மலத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையத் தெரியும். நாய் வளர்த்தால் அருவருப்பு முதல் வாரத்திலேயே போய்விடும்.

அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கி, சளியோடு போனால் கோளாறு பெருங்குடலில். கடைசியில் இரண்டு சொட்டு புதிய சிவப்பு ரத்தம் வந்தாலும் நாய் சுறுசுறுப்பாக இருந்தால் நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை, காலையில் காட்டுங்கள். குறைந்த தடவை, ஆனால் போகும்போதெல்லாம் தண்ணீராக, நிறைய, கூடவே எடை குறைகிறது என்றால் கோளாறு சிறுகுடலில். இது கொஞ்சம் சிக்கலானது.

தார் ஊற்றினாற்போல கறுத்து, பிசுபிசுப்பாக, கெட்ட வாடையோடு இருந்தால் மேலே வயிற்றிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிந்து செரித்து வருகிறது. கொக்கிப்புழு நிறைய இருந்தாலும் இப்படி ஆகும். ஆனால் முந்தின நாள் ஈரலோ ஆட்டு ரத்தமோ போட்டீர்களா, இரும்புச்சத்து டானிக் கொடுத்தீர்களா என்று யோசித்துவிட்டுப் பதறுங்கள். அவற்றாலும் கறுக்கும்.

இடியாப்ப இழை மாதிரி வெள்ளையாக நெளிந்தால் உருண்டைப்புழு. ஆசனவாய் ஓரத்தில் காய்ந்த அரிசி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழுவின் துண்டுகள். இந்த வகை நாடாப்புழு தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. பூச்சி மாத்திரை மட்டும் கொடுத்து உடம்பிலுள்ள தெள்ளை விட்டுவைத்தால் அடுத்த மாதம் திரும்ப வந்து நிற்கும்.

போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “கொஞ்சம் மஞ்சளா, கொஞ்சம் பச்சையா” என்று விளக்குவதைவிடப் படம் டாக்டருக்கு எளிது. வீட்டு விசேஷப் படங்களுக்கு நடுவில் அது வந்து நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எப்போது காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்?

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டி, தடுப்பூசி முழுதாகப் போடவில்லை, வாந்தியும் பேதியும் சேர்ந்து வருகிறது, சோர்ந்து கிடக்கிறது: இது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கலந்து, ஒருமுறை முகர்ந்தால் மறக்க முடியாத வாடையோடு வரும். ரத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், சில குட்டிகளுக்கு அது பிந்தித்தான் வரும். வைரஸ் உள்ளே போய் அறிகுறி தெரிய பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். கவனித்தீர்களா? தத்தெடுத்து வந்த முதல் வாரத்தில்தான் பயத்தால் வரும் பேதியும் வரும், எங்கோ ஒட்டிக்கொண்டு வந்த பார்வோவும் தெரிய ஆரம்பிக்கும். அதனால்தான் குட்டிக்குக் கணக்கு வேறு என்றேன். மலத்திலிருந்து எடுக்கும் சிறு மாதிரியை வைத்து கிளினிக்கிலேயே சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். டிரிப்ஸ் ஏற்றி நாலைந்து நாள் தாக்குப்பிடிக்க வைத்தால் பிழைத்துவிடும் குட்டிகள் நிறைய. வீட்டில் வைத்துக் குளுக்கோஸ் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தால் அந்த நேரம் வீணாகும்.

வளர்ந்த நாயானாலும் ஈறு வெளுத்திருந்தால், சாப்பாடும் தண்ணீரும் உள்ளே தங்காமல் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தார் போன்ற மலம் போனால், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே போங்கள். நாயின் சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட், அதனால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஈறு ஈரமாக வழவழவென்று இருக்க வேண்டும். விரலில் ஒட்டினால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். பிடரித் தோலை இழுத்துவிட்டுப் பார்க்கும் வழியும் உண்டு, ஆனால் மிகவும் மெலிந்த நாயிடம் அது ஏமாற்றும்.

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் எச்சில் மட்டும் ஒழுகித் தவித்தால் வயிறு முறுக்கிக்கொண்டிருக்கலாம். ராஜபாளையம், கிரேட் டேன் போன்ற ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மணிக்கணக்கு கூடக் கிடையாது, உடனே ஓட வேண்டும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லோருக்கும் தெரிந்த இடம். உங்கள் ஊரில் இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து நம்பரைக் குறித்து வையுங்கள்.

போன வருடம் எங்கள் வீட்டுக் குட்டி பார்வோவில் போய்விட்டது. இப்போது வேறு குட்டி எடுக்கலாமா?

அந்த வைரஸ் மாதக்கணக்கில், தோதான இடமாக இருந்தால் ஒரு வருடம்கூட, தரையிலும் மண்ணிலும் உயிரோடு இருக்கும். பினாயிலையும் டெட்டாலையும் நம்ப முடியாது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அதனால் தடுப்பூசி முடித்த, கொஞ்சம் வளர்ந்த நாயை எடுப்பதே நல்லது. குட்டிதான் வேண்டுமென்றால் 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. அதுவரை தெருவில் இறக்காதீர்கள்.

பூச்சி மருந்து எப்போது?

வந்த முதல் வாரத்திலேயே டாக்டரிடம் காட்டி, எடை போட்டு. குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 8 வாரத்துக்கு மேல் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. கொடுத்த மறுநாள் மலம் இளகுவதும் செத்த புழு வருவதும் சகஜம். கொக்கிப்புழுவின் இளம்புழு ஈர மண்ணில் வளர்ந்து வெறுங்காலில் தோல் வழியாக நுழையும், நம் காலிலும்தான். தோட்டத்தில் போவதை அன்றன்றே அள்ளிவிடுங்கள். நீள ரோமமுள்ள கோலி (Collie) வகை நாய்களுக்கு ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து ஆபத்தாகலாம். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

ஓமத் தண்ணீர், சுக்கு, நமக்குக் கொடுக்கும் பேதி மாத்திரை இதெல்லாம்?

ஓமத் தண்ணீரால் நாய் செத்துவிடாது, ஆனால் அதை வாயில் ஊற்றும் முயற்சியில் புரையேறி நுரையீரலுக்குப் போனால் வேறு வினை. எதையும் வலுக்கட்டாயமாக வாயில் ஊற்றாதீர்கள். மாத்திரை விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். பாராசிட்டமால் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், இபுப்ரோஃபென் வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பேதியை நிறுத்தும் மாத்திரை சில இன நாய்களுக்கு மூளைவரை பாதிக்கும்.

வீட்டில் மீந்திருக்கும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் அப்படித்தான். சாதாரண பேதி மருந்தில்லாமலே அடங்கும் என்பதால் இப்போது டாக்டர்களே யோசித்துத்தான் எழுதுகிறார்கள். அது குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்து அழிக்கும், அவை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியை பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்து, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தனியாக வைக்கலாம். நக்கினால் நக்கட்டும்.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு வாய் கொடுக்கிறார்கள். எப்படித் தடுப்பது?

என்னைக் கேட்டால் பேதிக்கு முதல் காரணமே இதுதான். செவலைக்கு நான் வேளை தவறாமல் கோழியும் சோறும் கொடுத்தும் நாலு நாளாக நிற்கவில்லை.

“அத்தை, நீங்க ஏதாவது குடுத்தீங்களா?”

“நான் என்னத்தக் குடுத்தேன்? ஒரே ஒரு முறுக்கு. அதுவா பாத்துக்கிட்டே நின்னுச்சு.”

ஒரு முறுக்கு அத்தையிடமிருந்து. வீட்டுக்காரரிடமிருந்து ஆம்லெட் ஓரம். பையனிடமிருந்து சிப்ஸ். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா பாசத்தோடு இரண்டு இட்லி, சாம்பார் தொட்டு. யாரும் பொய் சொல்லவில்லை, எல்லோரும் “ஒண்ணே ஒண்ணு”தான். குளிர்பதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டினேன். யார் எதைக் கொடுத்தாலும் நேரத்தோடு எழுத வேண்டும். எழுதச் சோம்பல்பட்டே பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்ற அத்தைக்கு, செவலையின் சாப்பாட்டிலிருந்தே ஒரு பிடி கறியை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

முறுக்கு, இட்லியோடு போனால் பரவாயில்லை. கேசரி, பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். அதற்குக் காரணம் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்காவில் நச்சியல் கால்நடை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். நம் புளியிலும் இருப்பது அதே அமிலம்தான், புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததையும் பிறகு பதிவு செய்தார்கள். ஆகவே புளிக்குழம்பு, ரசம், புளியோதரை மிச்சத்தைத் தட்டில் கொட்டும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். சாக்லேட் கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். மாங்கொட்டையும் மக்காச்சோளத் தண்டும் குடலை அடைத்து ஆபரேஷன்வரை இழுத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. பிரியாணி மிச்சத்தில் இருக்கும் நெய்யும் கொழுப்பும் கணையத்தை வீங்க வைக்கும்.

கோழிக்கடையில் “நாய்க்கு” என்று தரும் பொட்டலம்?

தோலும் கொழுப்பும் கழுத்தும் சேர்த்து மலிவாகத் தருவார்கள். புதிதாக வந்த நாய்க்கு முதல் மாதம் வேண்டாம், கொழுப்பு தாங்காது. பச்சையாகப் போட்டால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நாய் வழியாக வீட்டுக் குழந்தைகளுக்கும் வரும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். நீங்கள் சாப்பிட்டு வைத்த எலும்பு எல்லாம் வெந்த எலும்புதான்.

சைவ வீடு. முட்டைகூட உள்ளே வராது.

பூனையென்றால் முடியாது என்று சொல்லிவிடுவேன். நாய்க்கு முடியும், ஆனால் வெறும் தயிர் சாதத்தில் முடியாது. சத்துகளைச் சரியாகக் கணக்கிட்டுத் தயாரித்த சைவ உலர் உணவு கடையில் கிடைக்கிறது. அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு பனீர், நன்றாகக் குழைந்த பாசிப்பருப்பு, காய்கறி சேர்த்துக்கொள்ளலாம். குட்டியாக இருந்தால் கால்நடை டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

புல் தின்கிறது. தன் மலத்தையே தின்கிறது!

புல் எப்போதாவது என்றால் விட்டுவிடுங்கள். மலம் தின்பது பசியில் அலைந்த நாய்களிடம் சகஜம், புழு இருந்தாலும் செய்யும். போனவுடன் அள்ளிவிடுவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் செய்தாயிற்று. மூன்று வாரமாகியும் விட்டு விட்டு வருகிறது.

இனி இதைப் பயம் என்றும் புது இடம் என்றும் சொல்ல முடியாது. மலப் பரிசோதனை செய்யுங்கள். காப்பகங்களிலும் நெருக்கமாக நாய்கள் இருக்கும் இடங்களிலும் ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி எளிதாகப் பரவும். சாதாரண பூச்சி மாத்திரை ஒரு வேளை கொடுத்தால் அது போகாது, தொடர்ந்து சில நாள் மருந்து வேண்டும். ஒரே ஒரு மாதிரியில் அது தெரியாமலும் போகலாம் என்பதால் இரண்டு மூன்று நாள் மலத்தைச் சேர்த்துக் கேட்பார்கள். உண்ணி இருந்த நாயென்றால் ரத்தமும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் அதிகம், வெறும் சோர்வும் பசியின்மையுமாகவே பல நாள் ஒளிந்திருக்கும். உணவு ஒவ்வாமை, கணைய நொதிக் குறைபாடு போன்றவை அதற்கப்புறம் வரும் வரிசை.

செவலைக்குக் கடைசியில் இருந்ததும் ஜியார்டியாதான். ஐந்து நாள் மருந்து, அவளுடைய படுக்கைத் துணியெல்லாம் வெந்நீரில். மாதிரி கொண்டுபோக மருந்துக்கடையில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். நான் அவசரத்தில் எடுத்துப் போனது அத்தையின் ஊறுகாய் டப்பா. அது இன்றுவரை அவருக்குத் தெரியாது.